மஞ்சள் தூசியில் ஒரு கார்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று காரைத் தெருமுனை வரை கையால் தள்ளிக்கொண்டு போய், அங்கே வைத்து ஸ்டார்ட் செய்கிற மனிதர்களை என்னவென்று சொல்வது? மரை கழன்றவர்கள் என்று சொல்லலாம். அவர்களும் மறுக்க மாட்டார்கள். யோகோஹாமாவில் மரை கழன்றவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் டைகோகு. கடலைத் தூர்த்துப் போட்ட நிலம், தலைக்கு மேலே சுருள் சுருளாக மேம்பாலங்கள், நடுவில் ஒரு வாகன நிறுத்தம். அவ்வளவுதான். ஆனாலும் விரதக்காரர்கள் மாதிரி வாரம் தவறாமல் வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஏப்ரல் மாதத்து இரண்டாவது ஞாயிறு. சீனத்துப் பாலைவனத்திலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த மஞ்சள் மணல் இரண்டு நாளாக ஊர்மேல் படிந்துகொண்டிருந்தது. சூரியன் இருந்தது, ஆனால் கண் கூசாமல் நேராகப் பார்க்கும்படி மங்கிப்போய் இருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்துப் பெரிய பாலத்தின் கால்கள் மறைந்துபோய், மேல்பகுதி மட்டும் எதன்மீதும் நிற்காமல் நின்றது. சத்தங்கள்கூடத் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன. நாகிசா தன் பழைய இரண்டு இருக்கைக் காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது, தான் இன்னும் முழுசாக விழித்துக்கொள்ளவில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. இரண்டு இரவாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அவளுடைய கூட்டத்தில் இன்னும் மூன்று பேர். மொகாமி லாரி ஓட்டுகிறவர். ஞாயிறுகூட வேலை என்பதால் சரக்கோடு லாரியிலேயே வந்துவிடுவார். நான்கு சக்கரத்துக்கு மேல் இருந்தால் கார் இல்லை என்று அவரை யாரும் தள்ளிவைத்ததில்லை. குசுனோகி பல் மருத்துவர். சிவப்பு இத்தாலியக் கார் வைத்திருக்கிறார். வானத்தில் ஒரு மேகம் தெரிந்தால் அதை வெளியே எடுக்க மாட்டார். அன்றைக்கு மழை பத்து மணிக்குத்தான் என்று வானிலை அறிக்கை சொன்னதால் துணிந்து வந்திருந்தார். மூன்றாவது ஆள் நிகைடோ. கார் பத்திரிகை ஒன்றில், இன்னும் வெளிவராத கார்கள் எப்படி இருக்கும் என்று ஊகித்துப் படம் வரைகிறவர். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. பாதி ஊகம் பலிக்கும், பாதி பலிக்காது. பலித்ததை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருப்பார்.

நாகிசா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், குளியல் தொட்டி செய்யும் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவு என்று மூவரும் சொல்வார்கள். அவள்தான் அப்படிச் சொல்லிவைத்திருந்தாள். ஒருமுறை மொகாமி தள்ளுபடியில் ஒரு தொட்டி கேட்டுவிட, வேறு வழியில்லாமல் கடையில் போய்த் தன் கைக்காசைப் போட்டு வாங்கி, கம்பெனி விலை என்று கொடுத்தாள். ஒரு பொய் சொன்னால் அதைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது.

உண்மையில் அவள் மினகாவா மோட்டார்ஸில் களிமண் சிற்பி. கார் இரும்பாவதற்கு முன்னால் முழு அளவில் களிமண்ணில் பிறக்கிறது. அந்த மண்ணைச் சூடாக்கிப் பூசி, தகட்டால் சுரண்டி, உள்ளங்கையால் தடவித் தடவி உடம்பைக் கொண்டுவருவது அவள் வேலை. அந்த அறைக்குள் போகும்போது செல்போனின் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது. மூன்று வருஷமாக அவள் ஒரே ஒரு காரைச் செய்துகொண்டிருந்தாள். தாழ்வான, இரண்டு கதவுக் கார். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை அதன் தோளில் ஓடும் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு அவளுடையது. அதை முழுசாகப் பார்த்தவர்கள் உலகத்தில் எட்டுப் பேர்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த எட்டுப் பேரையும் கூப்பிட்டு, கார் வராது என்று சொல்லிவிட்டார்கள். ஐரோப்பியக் கூட்டாளியோடு உறவு முறிந்துவிட்டது. செய்யப்போகும் கார்களில் பாதி அமெரிக்காவுக்குப் போக வேண்டியது, புது வரியில் அது கட்டுப்படியாகாது. செவ்வாய்க்கிழமை களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அதே மண்ணை உருக்கி அடுத்து ஒரு சரக்கு வேன் செய்யப் போகிறார்கள். உருவம் வெளியே தெரியாமல் ஸ்டிக்கரும் போர்வையுமாக ஓட்டிப் பார்த்த இரண்டு சோதனை வண்டிகளும் அன்றே நசுக்கப்படும். எல்லோரும் தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள். நாகிசாவுக்கு வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த எட்டுப் பேரைத் தவிர ஒரே ஒரு மனிதர் அதைப் பார்த்துவிட்டு, நல்லது கெட்டது எதையாவது சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள்.

வழக்கம்போல லாரியின் நிழலில் தகர டப்பா காப்பியோடு கச்சேரி ஆரம்பமாகியிருந்தது.

"இப்ப வர்ற வண்டிங்க மூஞ்சியைப் பாருங்க" என்றார் குசுனோகி. "எல்லாத்துக்கும் கோவம். வாயை இவ்ளோ பெரிசாத் திறந்து வச்சிருக்கு. எங்கிட்ட வர்ற பேஷன்ட்கூட அவ்ளோ திறக்க மாட்டான்."

"பல்லைப் புடுங்கறவருக்கு எதைப் பார்த்தாலும் வாயாத்தான் தெரியும்" என்றார் மொகாமி.

"சிரிக்காதீங்க மொகாமி சான், சண்டையே அந்த வாய்க்குத்தான்" என்று நிகைடோ குறுக்கிட்டார். "மினகாவாவும் ஐரோப்பாக்காரனும் ஏன் பிரிஞ்சாங்கன்னு நெனைக்கிறீங்க? எங்க மூஞ்சியைத்தான் உங்க வண்டியிலயும் ஒட்டணும்னு அவன் ஒத்தக்கால்ல நின்னான். மினகாவா முடியாதுன்னுட்டாங்க. பத்து வருஷக் கல்யாணம். பொறக்கப்போற புள்ளைக்கு யார் ஜாடைன்னு சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போயிட்டாங்க."

"புள்ளை?" என்றார் மொகாமி.

"அது வயித்துலயே போச்சுன்னு பேச்சு."

நாகிசா காப்பி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது ஆறிப்போயிருந்தது.

"அந்தப் பக்கம் அமெரிக்காக்காரன் வரி வேற" என்றார் டாக்டர். "நம்ம ஊர்ல வெளிநாட்டுக் காருக்கு ஒரு யென் இறக்குமதி வரி உண்டா? கிடையாது. வாங்கத்தான் ஆளில்லை. அது நம்ம தப்பாம். மாமியார் உடைச்சா மண்குடம்."

"வரியைப் பத்தி லாரிக்காரனைக் கேளுங்க, நான் சொல்றேன்" என்று மொகாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கோழிக்கறியில சண்டை. என் கோழிக்கு வரி போட்டியா, இந்தா உன் லாரிக்கு வரின்னு போட்டான் அமெரிக்காக்காரன். கோழியும் செத்துப்போச்சு, கோழியைத் தின்னவனும் செத்துப்போயிட்டான். லாரி வரி மட்டும் கல்லு மாதிரி நிக்குது. கார் வரியும் அப்படித்தான் நிக்கும். எழுதி வச்சுக்குங்க."

இப்படி உலகத்தின் நடப்பையெல்லாம் ஒரு டப்பா காப்பியில் தீர்த்துவைத்த பிறகு, பேச்சு வயிற்றிலேயே போன அந்தக் காருக்கு வந்தது. போன வருஷம் பனிக்காலத்தில் நிகைடோ ஹொக்கைடோவுக்குப் போய், பனியில் ஓடிய சோதனை வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். கண்ணைக் குழப்புகிற கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர் உடம்பு முழுக்க ஒட்டியிருந்தார்களாம். அதையும் மீறித் தனக்கு உருவம் தெரிந்துவிட்டது என்பது அவர் கட்சி.

"வரைஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டர்.

"எதுல?"

"என் வண்டியில கை வச்சீங்க, உங்க பல்லுக்கு நான் பொறுப்பில்லை."

அதில் விளையாட்டு இல்லை. தூசி படிந்த காரை விரலால் தொடுவது இந்தக் கூட்டத்தில் கொலைக்குற்றம். மணல் பெயின்டைக் கீறிவிடும். மழையோ தண்ணீரோ வந்து கழுவும்வரை, பெற்ற பிள்ளையே ஆனாலும் தொடக் கூடாது. ஆனால் மொகாமியின் லாரிப் பெட்டி வெறும் அலுமினியத் தகடு. ஆறு மீட்டர் நீளத்துக்கு மஞ்சள் தூசி பூசி, எழுதாத பலகை மாதிரி நின்றது. மொகாமி தாராளமாகக் கையைக் காட்டினார்.

நிகைடோ விரலால் வரைந்தார். முழு அளவுக் கார். முன்பக்கம் மோசமில்லை. கதவைத் தாண்டியதும் அவருடைய கோடு உப்பியது. பின் சக்கரத்துக்கு மேலே பெரிதாக ஒரு இடுப்பு.

"யோவ், என்னய்யா இது" என்று மொகாமி வாய்விட்டுச் சிரித்தார். "மூணு வேளையும் புல்லைத் தின்னுட்டுப் படுத்த குதிரை மாதிரி இருக்கு!"

"நான் என்ன பண்றது? அவங்க பண்ணது அப்படி."

"எவனோ முன்பக்கத்தைக் காலையில வரைஞ்சுட்டு, பின்பக்கத்தைக் குடிச்சிட்டு வந்து வரைஞ்சிருக்கான்" என்றார் டாக்டர். "நல்லவேளை, கம்பெனிங்க சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. இந்த இடுப்பைத் தெருவுல பார்க்கணும்ங்கற தலையெழுத்து நமக்கு இல்லை."

"அது ஸ்பாஞ்ச்" என்றாள் நாகிசா.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"என்ன ஸ்பாஞ்ச்?"

"ஸ்டிக்கருக்கு அடியில. உங்களை மாதிரி ஆளுங்க ஏமாறட்டும்னு ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டியிருந்தாங்க. நீங்க ஸ்பாஞ்சைத்தான் வரைஞ்சிருக்கீங்க, நிகைடோ சான்."

அப்போதுகூட அவள் சிரித்து மழுப்பியிருக்கலாம். எங்கேயோ படித்தேன் என்றிருக்கலாம். ஆனால் தப்பான கோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்தக் கைகளுக்குப் பழக்கமில்லை. இருபது வருஷமாகத் தப்பான கோட்டைத் தேடித் தேடிச் சரிசெய்த கைகள் அவை. காப்பி டப்பாவைக் கீழே வைத்தாள். லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம், கடல் பக்கம், போனாள்.

அந்தப் பக்கத்துத் தூசியை யாரும் தொட்டிருக்கவில்லை. நாகிசா முதலில் நீளத்தைக் காலடியால் அளந்தாள். பிறகு உள்ளங்கை ஓரத்தைத் தகட்டில் வைத்து, முழங்காலை மடக்கி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தாள். கை அசையவில்லை, உடம்பு நடந்தது. அவர்கள் தொழிலில் நீளக் கோடு அப்படித்தான் வரும். அவள் உருவத்தின் ஓரத்தை வரையவில்லை. வெளிச்சம் எங்கே விழுமோ அங்கே மட்டும் துடைத்தாள். துடைத்த இடத்தில் அலுமினியம் பளிச்சென்று வந்தது. தோளில் ஒரு நீண்ட ஒளி, கதவின் அடியில் மெல்லியதாக இன்னொன்று, லாரியின் பக்கக் கம்பியில் ஏறி நின்று கட்டைவிரலால் கூரைக்கு ஒரே இழுப்பு. பின் சக்கரத்துக்கு மேலே கோடு உப்பவில்லை. உள்ளே தாழ்ந்து, யோசித்து, மறுபடி எழுந்தது. மற்றதெல்லாம் தூசியாகவே இருந்தது. மஞ்சள் புகைக்குள்ளிருந்து ஒரு கார் பாதி வெளியே வந்து நின்றது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. திரும்பியபோது மூவரும் பின்னால் நின்றார்கள். மொகாமி தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"குளியல் தொட்டி கம்பெனியில இதெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு ஏதோ உறைத்து, "அப்ப என் தொட்டி?" என்றார்.

"கடையில வாங்கினது. மன்னிச்சுக்குங்க."

இருபது வருஷம் ஊகித்தே பிழைத்த நிகைடோவின் முன்னால் முதல்முறையாக உண்மை நின்றது. அவர் கை சட்டைப்பைக்குள் போய் செல்போனோடு வந்தது. யோசித்து எடுத்ததில்லை, பழக்கம். போன் கண்ணுக்கு நேராக உயர்ந்தது.

அந்தப் படம் வெளியே போனால் ஒரு மணி நேரத்தில் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். எட்டுப் பேரில் யார் என்று கண்டுபிடிக்க இன்னொரு மணி நேரம். அதன்பிறகு மினகாவாவில் மட்டும் இல்லை, நாட்டில் எந்தக் கார் கம்பெனியிலும் அவளுக்கு வேலை இருக்காது. நாகிசாவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். இருந்தும் வேண்டாம் என்று அவள் வாய் சொல்லவில்லை. எடுக்கட்டுமே, ஊரெல்லாம் பார்க்கட்டுமே என்று நெஞ்சில் பாதி கெஞ்சியது. தன் மனசை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

"அப்ப அந்தப் பேச்சு பொய்யா? எப்ப வருது இது?" என்று போனைத் தாழ்த்தாமலே நிகைடோ கேட்டார்.

"வராது. செவ்வாய்க்கிழமை சுரண்டிடுவாங்க. நிஜமாவே வயித்துலயே போயிடுச்சு."

போன் மெல்ல இறங்கியது. நிகைடோ அதை அணைத்து, டாக்டர் கையில் கொடுத்தார். "இதை உங்க வண்டியில வச்சுப் பூட்டுங்க" என்றார். "எங்கிட்ட இருந்தா நான் யோக்கியனா இருப்பேன்னு சொல்ல முடியாது."

டாக்டர் பூட்டிவிட்டு ஓடிவந்தார். பிறகு நடந்ததை அந்த வழியாகப் போனவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மூன்று ஆண்கள் லாரி ஓரத்தில் குந்திக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒளி கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். அதோடு விட்டார்களா? சண்டை ஆரம்பித்தது.

"பின் ஜன்னல் இத்தனூண்டு. பின் சீட்டுல யாரு உட்கார்றது, பூனையா?" என்றார் டாக்டர்.

"இந்த மாதிரி வண்டியில பின் சீட்டு கோட்டு வைக்கறதுக்குத்தான்" என்றாள் நாகிசா.

"கதவு நீளம். என் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல திறந்தா நான் வெளிய வர முடியாது."

"வயித்தைக் குறைங்க."

மூன்று வருஷமாக அது ஒரு திட்ட எண். இன்று யாரோ அதில் ஏறி இறங்க முடியுமா என்று கேட்கிறார்கள். அது கார் ஆகிவிட்டது.

நிகைடோ மட்டும் முன் சக்கரத்தின் பக்கம் குந்தியபடியே இருந்தார். "இங்க" என்றார் கடைசியில். விரல் தகட்டைத் தொடாமல் காற்றில் நின்றது. "கோடு இந்த இடத்துல மட்டும் ஒரு மூச்சு தயங்குது. இது உங்க இஷ்டமில்லை. யாரோ தூக்கச் சொல்லியிருக்காங்க."

நாகிசா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரெண்டு சென்டிமீட்டர். நடந்து போறவங்க மேல மோதினா தலையில அடிபடாம இருக்க பானெட்டை உயர்த்தணும்னு சட்டம். மூணு மாசம் இன்ஜினியர்களோட மல்லுக்கட்டினேன்."

"தோத்துட்டீங்க."

"தோத்துட்டேன். தோத்தது வெளிய தெரியக் கூடாதுன்னு மறைக்க இன்னும் ஆறு மாசம்."

"தெரியுதே."

"உங்களுக்குத் தெரியுது" என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் கையெல்லாம் மஞ்சள். மற்ற ஏழு பேரில் ஒருவர்கூட அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கண்டுபிடித்ததில்லை. அவள் கேட்டது ஒரு பாராட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கேட்டது இதைத்தான் என்று இப்போது புரிந்தது.

எட்டரை மணிக்கு மொகாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ஹொன்மொகு கிடங்கில் சரக்கு இறக்க வேண்டும். டாய்லெட் பேப்பர், நானூறு பெட்டி. டாக்டர் ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து கொண்டுவந்தார். படத்தை அழிக்காமல் லாரி வெளியே போக முடியாது. அதை அவள்தான் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாகிசா துணியை வாங்கிக்கொண்டு கோட்டின் எதிரே நின்றாள். செவ்வாய்க்கிழமை எப்படியும் களிமண்ணைச் சுரண்டத் தகடு எடுத்து நிற்கத்தான் போகிறாள். ஒரே காரை இரண்டு முறை கொல்ல வேண்டுமா?

"மொகாமி சான், பாலத்து மேலதானே போவீங்க?"

"பின்ன, நீந்தியா போவேன்?"

"அப்ப இப்படியே போங்க."

"யாராவது போட்டோ எடுத்துட்டா?"

"எடுத்தா எடுக்கட்டும்." துணியை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டால் வேலை போகும் என்பதை அவள் மறந்துவிடவில்லை. "எவ்வளவு வேகத்துல போவீங்க?"

"நான் எப்பவும் எழுபதுதான். சரக்கு இருக்குல்ல."

"இன்னைக்கு எண்பதுல போங்க. அந்த வேகத்துக்காகப் பண்ண வண்டி அது."

மொகாமி தொப்பியை மாட்டிக்கொண்டார். "டாய்லெட் பேப்பர் சுமக்கிற முதல் ஸ்போர்ட்ஸ் கார்" என்று முணுமுணுத்தபடி ஏறினார். ஏறியவர் கதவை வழக்கம்போல அறையாமல், தூசி உதிராமல் மெதுவாகச் சாத்தினார்.

நாகிசா தன் காரில் பின்னாலேயே போனாள். சுருள் ஏறி, திரும்பி, பாலம் வந்தது. மூன்று தடத்தில் மொகாமி இடது ஓரம், அவள் வலது ஓரம், நடுத்தடம் காலி. கீழே கடல் இல்லை, மேலே வானம் இல்லை. லாரியின் பெட்டியும் அந்த வெளியும் ஒரே மஞ்சளாக இருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாக லாரி அவள் கண்ணிலிருந்து போய்விட்டது. ஒளிக் கோடுகள் மட்டும் மிஞ்சின. மங்கிய சூரியன் அவற்றின்மேல் முன்னிருந்து பின்னாக வழுகி வழுகி ஓடியது. தாழ்ந்த கூரை, நீண்ட தோள், பின்னால் அந்த யோசித்து எழும் இறக்கம். கார் பாலத்தின்மேல் எண்பதில் போய்க்கொண்டிருந்தது. நாகிசா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "போ" என்றாள்.

அப்போது நடுத்தடத்தில் ஒரு சின்னக் கார் வந்தது. அந்த நாட்டில் சின்னக் கார்களுக்கே உரிய மஞ்சள் எண் பலகை வைத்த, சந்தைக்குப் போகிற சாதாரண வண்டி. ஒரு பெண் ஓட்டினாள். பக்கத்தில் முகக்கவசம் போட்ட பெரியவர் ஒருவர் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். லாரியை ஒட்டி வந்ததும் அவர் தலை இடப்பக்கம் திரும்பியது. பிறகு நேராயிற்று. பிறகு சட்டென்று மறுபடி திரும்பியது. கார் கடந்து போன பின்னும், சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு, கழுத்து வலிக்கப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

முன்பின் தெரியாத ஒரு மனிதர், இரண்டாம் முறை திரும்பிப் பார்த்துவிட்டார். நாகிசா சத்தமாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

பத்து மணிக்கு என்று சொல்லியிருந்த மழை பாலத்தின் நடுவிலேயே பிடித்துக்கொண்டது. கூரைக் கோடுதான் முதலில் கரைந்தது. பிறகு தோள், பிறகு கதவு. கடைசித் தூசியும் வழிந்து இறங்கியபோது, கார் பாலத்தைக் கடந்துவிட்டிருந்தது.